காரைக்காடும் மூன்று வெறுந்தாள்களும்

போன வாரம் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் உங்களில் ஒருத்தியைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். உங்கள் எல்லாரையும் போலக் காட்டு வாட்சர் வேலைக்கு வந்தவள், சேர்ந்து நான்கு மாதம் ஆகிறதாம். கழுத்தில் அடையாள அட்டை புதிதாகத் தொங்கியது. வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"நல்லா இருக்குங்கம்மா. மாசக் கூட்டத்தன்னிக்குத்தான் கை வலிக்கும். ஆறு தாள்ல கையெழுத்து வாங்குறாங்க."

"தாள்ல என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணும் இருக்காதுங்கம்மா, வெறுந்தாள். பின்னாடி அவங்களே எழுதிக்குவாங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

அதற்குள் விருத்தாசலம் பஸ் வரவும் ஏறிப் போய்விட்டாள். நான் போக வேண்டிய பஸ் இரண்டு வந்து போயிற்று. ஏறத் தோன்றவில்லை. எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அந்தப் பெண் மேல் கோபம் இல்லை. ஓய்வு பெற்றபோது நான் விட்டுவிட்டு வந்த அந்த வெறுந்தாள் இன்னும் அதே மேஜையில், அதே வெள்ளையாக இருக்கிறதே, அதன் மேல்தான்.

நான் வாய் திறந்து பேசுகிறவள் இல்லை. என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மாசக் கூட்டத்தில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். என் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பேனே தவிர சத்தம் வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து ஓரளவு வரும். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் நீங்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நாற்றுப் பையில் மண் எவ்வளவு போடுவது, தீத்தடுப்புக் கோடு எப்படி வெட்டுவது என்பதையெல்லாம் மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அதில் நான் சொல்ல என்ன இருக்கிறது. நான் சொல்ல வந்தது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி.

செந்துறைப் பக்கம் எனக்குக் காவலுக்குக் கொடுத்த காட்டை நாங்கள் காரைக்காடு என்போம். காரைச் செடி அதிகம் என்பதால் அந்தப் பெயர். ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது காடாகத் தெரியாது. ஆள் உயரத்துக்கு முள், அதற்கு மேல் வெயில், அவ்வளவுதான். உள்ளே போக ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. குனிந்து நுழைந்து பத்தடி போனால் வெயில் அப்படியே நின்றுவிடும். காரை, சூரை, களா எல்லாம் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் உசில மரங்கள், பாலை மரங்கள். சித்திரை மாதத்திலும் தரைச் சருகைக் கிளறினால் அடியில் ஈரம் இருக்கும். காட்டுச் சரிவில் இறங்குகிற தண்ணீர்தான் கீழே உள்ள ஏரிக்குப் போகும். களாக்காய்க் காலத்தில் ஊர்ப் பெண்கள் ஊறுகாய்க்குப் பறித்துக்கொண்டு போவார்கள். பதினோரு வருஷம் நான் தினமும் நடந்த காடு அது. அப்போது நான் நிரந்தரம் ஆகவில்லை. அந்த வருஷம் நிரந்தரம் ஆக்கப்போகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் காட்டில் செடி எழுதிப்போகத் திருச்சியிலிருந்து ஒரு சார் வந்தார். கல்லூரியில் தாவரப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். மூன்று நாள் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். நான் செடியின் பெயரைச் சொல்ல, அவர் அதன் இன்னொரு பெயரை எழுதுவார். மூன்றாம் நாள் ஓர் உசில மரத்தடியில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதியவர் தானாகச் சிரித்தார். அத்தனை நேரமும் அவரிடம் செடிப் பெயரைத் தவிர வேறெதுவும் பேசாத எனக்கும் அப்போது எப்படியோ வாய் வந்துவிட்டது.

"என்னங்க சார் சிரிக்கிறீங்க?"

"ஒரு வார்த்தை மாட்டுச்சும்மா. இப்பல்லாம் யாரும் எழுதாத இங்கிலீஷ் வார்த்தை. பாஸ்கி."

"அப்படின்னா என்னங்க?"

"இதோ, நாம உக்காந்திருக்கமே, இதுதான். புதரும் சின்ன மரமும் பின்னிக்கிட்டு உள்ள நிழல் கட்டி நிக்கிற காடு. அந்த மாதிரி எடத்தப் பார்த்தா பாஸ்கின்னு சொல்லுவாங்க."

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் ஆசை அடங்கவில்லை. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"புதருக்கு இங்கிலீஷ்ல புஷ்னு சொல்றாங்கல்ல? அதையே ஒரு காலத்துல பாஸ்க்னும் சொல்லியிருக்காங்க. அதுலேர்ந்து பாஸ்கி. வேடிக்கை என்னன்னா, அந்தப் பக்கத்துத் தேசத்துல, பிரெஞ்சுக்காரங்க, இத்தாலிக்காரங்க, காட்டுக்கே வச்சிருக்கிற பேரு இதுக்குச் சொந்தக்காரப் பேருதான். புதரும் காடும் அங்க ஒரே வூட்டுப் புள்ளைங்க மாதிரி."

"இங்கயும் அப்படித்தாங்க சார். முள்ளு இல்லன்னா மரம் எங்கேருந்து வரும்? விதை வெளியில மொளைச்சா ஆடு கடிச்சிடும். காரைக்குள்ள மொளைச்சாத்தான் தப்பிக்கும். பெரிசானதும் அதுவே காரைக்கு நெழலு குடுக்கும்."

அவர் பேனாவை எடுத்து நான் சொன்னதையும் எழுதிக்கொண்டார். போகும்போது ஆபீசில் செடிப் பட்டியலோடு ஒரு பக்கக் குறிப்பும் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாசக் கூட்டத்தில் பெரிய கிளார்க் எங்கள் முன்னால் தாள்களை நீட்டினார். ஆளுக்கு மூன்று. வழக்கமாக வாங்குவதுதான். கள அறிக்கைக்காம். 'இடத்தின் நிலை' என்று மேலே அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே முழுக்க வெள்ளை. அடியில் வாட்சர் கையெழுத்து. நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவோம், அவர்களுக்கு வேண்டியபோது வேண்டியதை எழுதிக்கொள்வார்கள். எங்களை நம்பி எழுதச் சொன்னால் நாளாகுமாம், எங்கள் தமிழ் ஆபீசுக்கு ஆகாதாம்.

அன்றைக்கு ஏனோ எனக்குக் கை கொஞ்சம் தயங்கியது. பக்கத்தில் இருந்த காத்தமுத்து அண்ணன்தான், ரோட்டுக்கு எதிர்ப்பக்கக் காட்டுக்கு வாட்சர், முழங்கையால் இடித்தார்.

"என்னா அஞ்சலை, பரீட்சையா எழுதப்போற? கையெழுத்துதான கேக்குறாங்க, கையையா கேக்குறாங்க? போட்டுட்டு வா, டீ ஆறிப்போவுது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் போட்டேன், மூன்று தாளிலும். இதை நீங்கள் மறக்கக் கூடாது. யாரும் என்னை மிரட்டவில்லை. டீ ஆறிவிடும் என்பதற்காகத்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில் காட்டோரம் இரண்டு ஜீப் வந்து நின்றது. எங்கள் அதிகாரி, பெரிய கிளார்க், அவர்களோடு வேறு ஊரிலிருந்து ஒரு மேலதிகாரி. பெண். எல்லாரும் மேடம் மேடம் என்றார்கள். கும்பிட்டுவிட்டு ஓரமாக நின்றேன். எதற்கு வந்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. ஜீப் முகப்பில் கோப்பை விரித்து அதிகாரி வாசித்தபோதுதான் தெரிந்தது. காரைக்காட்டையும் எதிர்ப்பக்கத்துக் காட்டையும் இயந்திரம் விட்டு வழித்துத் தள்ளிவிட்டுத் தைல மரம் வைக்கப்போகிறார்கள். அந்த வருஷம் இத்தனை பரப்பில் நட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். நடுவதற்கு வெற்றிடம் வேண்டும். வெற்றிடம் இல்லை என்றால் என்ன செய்வது? இருக்கிற இடத்தை வெற்றிடம் என்று எழுதிவிட வேண்டியதுதான்.

"நிலை: முள்புதர் மட்டும். மரம் ஏதும் இல்லை. பயனற்ற நிலம். ஆய்வுக்கு வந்த பேராசிரியரும் இதைப் புதர் நிலம் என்றே குறிப்பிட்டுள்ளார். கள வாட்சரின் அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது."

அதிகாரி வாசிக்க வாசிக்க என் காதில் ரத்தம் ஏறிற்று. மரம் ஏதும் இல்லையாம். பிறகு எதற்குப் பதினோரு வருஷம் என்னைக் காவலுக்குப் போட்டிருந்தார்கள்? முள்ளுக்கா?

மேடம் தாளைப் புரட்டினார். "அஞ்சலை யாரு?"

நான் கையைத் தூக்கினேன்.

"இது உங்க கையெழுத்துதானம்மா?"

அந்தக் கேள்வி ஒரு சடங்குக்குத்தான். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்தது. ஜீப் கிளம்பிப் போயிருக்கும். பட்டியலில் என் பெயரும் அப்படியே இருந்திருக்கும். இல்லை, என் கையெழுத்தே இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிடலாமா என்றும் ஒரு நொடி ஓடிற்று. பொய் சொன்னால் கிளார்க் மாட்டுவார், நான் தப்பிப்பேன். ஆனால் என் கையெழுத்தை ஊரறியும். 'லை' போடும்போது கொம்பு கோணிக்கொண்டு நிற்கும். எந்தப் பக்கம் போனாலும் ஒன்று போகும். காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றால் என் தப்பை நானே எல்லார் முன்னாலும் சொல்லியாக வேண்டும். வேறு வழி தெரியவில்லை.

"கையெழுத்து என்னோடதுங்க" என்றேன். அவர் கையில் இருந்த தாளைக் காட்டி, "மேல இருக்கிறது என்னோடது இல்லீங்க" என்றேன்.

பெரிய கிளார்க் பாய்ந்தார். "என்னம்மா ஒளர்ற?"

அதிகாரி மேடத்தைப் பார்த்துச் சிரித்தார். "பெரிய ஆளுங்களப் பார்த்ததும் பயந்துட்டாங்க மேடம். அது பேசாத பொம்பளை."

"பயமாத்தாங்க இருக்கு" என்றேன். "ஆனா ஒளரல. நான் போட்டப்ப தாளு வெள்ளையா இருந்துச்சுங்க."

மேடம் என்னைப் பார்த்தார். "வெறுந்தாள்ல ஏம்மா போட்டீங்க?"

"கேட்டாங்க, போட்டுட்டேங்க. தப்புதாங்க."

"சரி. நீங்களே எழுதியிருந்தா என்ன எழுதியிருப்பீங்க?"

அதற்குத்தான் எனக்கு வாய் வரவில்லை. எங்கே ஆரம்பிப்பது? "சொல்ல வராதுங்க. உள்ள வந்தீங்கன்னா காட்டுறேன்" என்றேன்.

அதிகாரி பாம்பு இருக்கும் என்றார். வெயில் ஏறுகிறது என்றார். மேடம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்குப் பின்னால் குனிந்து நுழைந்துவிட்டார். வேறு வழியில்லாமல் அவர்களும் வந்தார்கள். கிளார்க்கின் சட்டையைச் சூரைமுள் பிடித்துக்கொண்டது. எடுத்துவிட நான் போகவில்லை.

பத்தடியில் வெயில் நின்றது. மேடம் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு மேலே அண்ணாந்து பார்த்தார். காலடியில் இருந்து ஒரு காடை விருட்டென்று பறந்தது. நான் ஒரு காரைப் புதரை இரண்டு கையாலும் விலக்கிக் காட்டினேன். உள்ளே முழங்கால் உயரத்தில் மூன்று உசிலங்கன்றுகள். அடுத்த புதரை விலக்கினேன். அதில் ஒரு பாலைக் கன்று. அதற்கடுத்ததில் இடுப்பளவு வளர்ந்த உசில், முள்ளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு. கையெல்லாம் கீறி ரத்தம் வந்தது. சருகைக் காலால் தள்ளி ஈர மண்ணைக் காட்டினேன். மேடம் பெரிய உசில மரம் ஒன்றைக் கட்டிப்பிடித்து அளந்து பார்த்தார். இரண்டு கையும் எட்டவில்லை.

"மரம் ஏதும் இல்லை" என்றார், யாரையும் பார்க்காமல்.

பிறகு பேராசிரியர் எழுதிய அந்தப் பக்கத்தைக் கேட்டார். அது கோப்பின் அடியில் மடங்கிக் கிடந்தது. நின்றபடியே வாசித்தவர் ஓரிடத்தில் விரலை வைத்தார். "இது என்ன வார்த்தை? நான் பார்த்ததில்லையே."

"புதர்னு அர்த்தம் மேடம்" என்றார் கிளார்க். "அகராதியில பார்த்துத்தான் எழுதினேன்."

"அகராதி அதோட நிறுத்திடுச்சா, நீங்க நிறுத்திட்டீங்களா?"

நான் மெதுவாக, "புதரும் மரமும் பின்னி நெழலா நிக்கிற காடுங்க. எழுதின சாரே சொன்னாரு. புதருங்கிற வார்த்தைக்கும் காடுங்கிற வார்த்தைக்கும் அந்தப் பக்கம் வேரு ஒண்ணுதானாம்" என்றேன். மேடம் காகிதத்தில் இருந்து கண்ணை எடுத்து, நான் விலக்கிப் பிடித்திருந்த புதரைப் பார்த்தார், அதற்குள் இருந்த கன்றையும் பார்த்தார்.

நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆற்றாமை அடங்கவில்லை. எங்கேயோ ஒரு தேசத்தில் குளிரில் கிடக்கிறவர்கள் இப்படிப்பட்ட காட்டுக்கென்று ஒரு வார்த்தையை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். இங்கே காட்டுக்குள்ளேயே ஆபீஸ் வைத்திருக்கிறவர்கள் அதே வார்த்தையைப் பாதியில் வெட்டி, வெட்டின பாதியைக் காட்டிக் காட்டையும் வெட்டப் பார்த்தார்கள். அதற்குச் சாட்சியாக என் பெயர். நான் படிக்காதவள் என்பதால் அவர்களுக்கு என் எழுத்து ஆகாது. என் கையெழுத்து மட்டும் ஆகும்.

காரைக்காட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காடு இன்றும் நிற்கிறது. போன கோடையில்கூடப் போய்ப் பார்த்தேன். மேடத்துக்கு நான் காட்டிய கன்றுகளில் ஒன்று என்னைவிட இரண்டு மடங்கு உயரம் இருக்கிறது.

எதிர்ப்பக்கக் காட்டுக்குக் காத்தமுத்து அண்ணன் போட்ட வெறுந்தாள் இருந்தது. மேடம் அன்று மத்தியானம் அவரையும் கூப்பிட்டுக் கேட்டார். வீட்டில் நாலு வயிறு, பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. கையெழுத்தும் என்னோடது, எழுத்தும் என்னோடது என்று சொல்லிவிட்டார். அந்த மழைக்காலத்துக்குள் அந்தக் காட்டை வழித்துவிட்டார்கள். இப்போது அங்கே வரிசையாகத் தைல மரம். அடியில் ஒரு புல் கிடையாது. நான் அவரைக் குறை சொல்லவில்லை. நிரந்தரம் ஆகிப் பல நாள் கழித்து ஒருமுறை ரோட்டில் நின்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர் என்னிடம் சொன்னார்: "அன்னிக்குக் கையக் கேட்டிருந்தாக்கூடத் தேவலாம் அஞ்சலை."

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மெமோ வந்தது. வெற்றுத்தாளில் கையொப்பமிட்டு அலுவலகத்தைத் தவறான முடிவுக்கு இட்டுச்சென்றேனாம். அதை நான் மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கையொப்பமிட்டது யார் என்று இருந்தது. தாளை நீட்டியது யார் என்று ஒரு வரி இல்லை. எழுதி நிரப்பியது யார் என்றும் இல்லை. அவர்களில் ஒருவருக்கும் மெமோ கிடையாது. பட்டியலில் இருந்து என் பெயரை எடுத்தார்கள். நான் நிரந்தரம் ஆக அதற்கு மேல் மூன்று வருஷம் ஆயிற்று. தப்பு செய்தேன், தண்டனை கொடுத்தார்கள், சரி. ஆனால் அந்தத் தப்பை எங்களுக்குப் பழக்கிக் கொடுத்தவர்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்குத் தண்டனை எழுதினார்களே, அது எப்படிச் சரி?

மெமோவுக்கு ஏழு நாளுக்குள் விளக்கம் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளார்க் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுப்பறையைத் திறந்தார்.

"விளக்கம் எழுதத் தெரியாதுல்ல? தெரியும் எனக்கு. உன் மேல எனக்கென்னம்மா பகை. நான் நல்லபடியா எழுதிக்கிறேன். நீ இதுல கீழ ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

மேஜை மேல் வைத்தார். வெறுந்தாள்.

அவர் கேலிக்குச் செய்யவில்லை, பிள்ளைகளே. அதுதான் என்னை அப்படியே உலுக்கிவிட்டது. வெறுந்தாளில் கையெழுத்துப் போட்டதற்கு விளக்கம் கேட்டுவிட்டு, அந்த விளக்கத்துக்கே வெறுந்தாளை நீட்டுகிறோம் என்று அவருக்கு உறைக்கக்கூட இல்லை. அவருடைய கைக்கு அது பழக்கம். எங்கள் கைக்கும் அதுதான் பழக்கமாக இருந்தது.

"பேனா குடுங்க சார்" என்றேன்.

கொடுத்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அத்தனை வருஷத்தில் அந்த ஆபீசில் நான் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை.

"என்னம்மா பண்ற?"

"எழுதுறேங்க."

தாளின் மேல் ஓரத்தில் இருந்து ஆரம்பித்தேன். டீ ஆறிவிடும் என்று மூன்று வெறுந்தாளில் கையெழுத்துப் போட்டது என் தப்பு என்று எழுதினேன். தாளை நீட்டியவர் யார் என்று எழுதினேன். இனி எழுத்து இல்லாத தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதினேன். அதற்குக் கீழே இடம் இருந்தது. அன்று ஜீப்புக்குப் பக்கத்தில் சொல்ல வராததை அங்கே எழுதினேன். காரைக்காட்டின் நிலை: காரை, சூரை, களா, உசில், பாலை, அதற்குள் மூன்று உசிலங்கன்று, காடை, அடியில் ஈரம், கீழே ஏரி. எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. கிளார்க் இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்தார். "போதும்மா" என்றார். நான் நிமிரவில்லை.

தாள் முடிகிற இடத்தில், கடைசி வரியை ஒட்டி, கோணல் கொம்போடு என் பெயரைப் போட்டேன். வரிக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு விரல் வைக்கவும் இடம் விடவில்லை.